மினி டிராக்டர் ஸ்டியரிங் தகராறு: அடையாளத்தை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி?

எங்கள் பக்கம் ஒருபோக பூமி. தேவகோட்டை, காரைக்குடி, புதுவயல் என்று எங்கே பார்த்தாலும் கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும்தான். ஆவணியில் புழுதி ஓட்டி விதைத்து, ஐப்பசி மழைக்குக் காத்திருந்து, தை மாசியில் அறுத்துவிட்டால் டிராக்டருக்கு உழவு முடிந்தது. அப்புறம் அடுத்த உழவு வரை வேப்பமரத்தடியில் நிற்கும். கண்மாயில் வண்டல் அள்ள அனுமதி கிடைத்தால் டிரெய்லரோடு ஓடும். மாதக்கணக்கில் சும்மா நின்றுவிட்டுத் திடீரென்று இடுப்பொடிய வேலை பார்க்கிற வண்டியில் ஸ்டியரிங்தான் முதலில் முனகும். கிரீஸ் காய்ந்திருக்கும். டயரில் காற்று இறங்கியிருக்கும். சீமைக்கருவேல முள் எப்போது ஏறியது என்றே தெரியாது.

சில வருடங்களுக்கு முன் என் பழைய டூ வீல் டிரைவ் வண்டியில் ஸ்டியரிங் லூஸாகி, நேராகப் போக மறுத்தது. பட்டறையில் கொடுத்தேன். ஸ்டியரிங் பாக்ஸ் போய்விட்டது என்றார்கள். பத்து மூட்டை நெல் விற்ற காசைக் கொடுத்துப் பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்து எடுத்து வந்தேன். வரப்பில் ஏறி இறங்கினால் அதே ஆட்டம். என் சின்னையா வந்து, முன் ஆக்சிலுக்கு இடையில் கடப்பாரையைக் கொடுத்து லேசாக நெம்பினார். ஆக்சில் மொத்தமும் முன்னும் பின்னுமாக நகர்ந்தது. "பாக்ஸு கெடக்கட்டும்ப்பா, இந்த நடு பின்னைப் பாத்தியா நீ?" என்றார். சென்டர் பின் புஷ் தேய்ந்து முட்டை வடிவில் இருந்தது. புஷ்ஷின் விலை, நான் அங்கே கொடுத்த கூலியில் கால்வாசி கூட இல்லை.

அன்றிலிருந்து நான் பிடித்துக்கொண்ட வரிசை இதுதான்: டயரில் தொடங்கு, ஹப் (சக்கரம் மாட்டும் நடுப் பாகம்), கிங் பின் (முன் சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சு), டை ராடு (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி), சென்டர் பின் (ஆக்சிலை நடுவில் தாங்கும் பின்), டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸ் பக்கமிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) என்று ஒவ்வொன்றாக மேலே ஏறு, ஸ்டியரிங் பாக்ஸையோ பவர் ஸ்டியரிங் பம்பையோ கடைசியில் தொடு. கீழே இருப்பவை சேற்றையும் கல்லையும் நேராக வாங்குகின்றன, முதலில் தேய்வதும் அவைதான். அவற்றைப் பார்க்க ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, கூட ஒரு ஆள் இருந்தால் போதும்.

கை வைக்கும் முன்

கெட்டியான தரையில் நிறுத்துங்கள். வயலுக்குள் ஜாக்கி போட வேண்டாம், சேற்றில் அது சாயும். கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டியிருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் டயர் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்கியதும் கட்டைகளை அடுக்கி எடையை அதன் மேல் இறக்கிய பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகாதீர்கள்.

உங்கள் வண்டியில் எந்த வகை ஸ்டியரிங் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாதா ஸ்டியரிங்கில் நீங்கள் திருப்புவது ஸ்டியரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், டிராக் லிங்க் வழியாக இரும்போடு இரும்பாகவே டயருக்குப் போகிறது. இப்போது வருகிற பெரும்பாலான பவர் ஸ்டியரிங் மினி டிராக்டர்களில் ஸ்டியரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருப்பது ஆயில் ஹோஸ் மட்டும்தான், இரும்புத் தொடர்பு கிடையாது. அதனால் நேராக ஓட்டும்போது ஸ்டியரிங் வீலின் குமிழ் நேற்று ஒரு இடத்திலும் இன்று ஒரு இடத்திலும் நின்றால் பயப்பட வேண்டாம். அந்த வகைக்கு அது இயல்பு. இன்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடுவதும் இயல்புதான்.

ஸ்டியரிங் திரும்புகிறது, டயர் தாமதமாகத் திரும்புகிறது

இதைத்தான் பிளே என்கிறோம். கொஞ்சம் பிளே எல்லா வண்டியிலும் உண்டு. சாதா ஸ்டியரிங்கில் வீலின் விளிம்பில் அளந்தால் 20 முதல் 50 மி.மீ. வரை பல கம்பெனிக் கையேடுகள் அனுமதிக்கின்றன. உங்கள் மாடலுக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். ஒரு சாண் தூரம் திருப்பியும் டயர் அசையவில்லை என்றால் எங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

சாதா ஸ்டியரிங் வண்டியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, டயர் தரையில் இருக்கும்போதே ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்டட்டும். நீங்கள் குனிந்து, கம்பிகள் சேரும் உருண்டை மூட்டான ஒவ்வொரு பால் ஜாயிண்டையும் உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடிப்பதுதான் முக்கியம்: விரல்கள் டை ராட்டின் மேலும், உள்ளங்கை, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் ஆர்மின் மேலும் இருக்க வேண்டும். ஜாயிண்ட் நன்றாக இருந்தால் இரண்டும் ஒரே பொருளாக நகரும். தேய்ந்திருந்தால் ஒன்று நகர்ந்து அரை நொடி கழித்து மற்றது நகரும், உள்ளங்கையில் 'டக்' என்று ஒரு சின்னத் தட்டல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கூடக் கைக்குத் தெரிந்துவிடும். மேலே செம்மண் அப்பியிருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். ரப்பர் பூட் கிழிந்து உள்ளே மண் போயிருந்தால், இன்றைக்கு ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஜாயிண்டுக்கு ஆயுள் குறைவு.

பவர் ஸ்டியரிங் வண்டியில் இந்தச் சோதனைக்கு இன்ஜின் ஓட வேண்டியிருக்கும். ஓடுகிற வண்டிக்கு முன்னால் போய்க் கையை விடுவது ஆபத்து. அதற்குப் பதில் முன்பக்கத்தைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, டயரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? அப்படியானால் ஹப் பேரிங் அல்லது கிங் பின். எது என்று பிரிக்க, ஆடும்போது ஹப் மாட்டியிருக்கும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்சிலைப் பாருங்கள். ஸ்டப் அசையாமல் ஹப் மட்டும் ஆடினால் பேரிங். ஸ்டப்பும் சேர்ந்து ஆடினால் கிங் பின் புஷ். இடமும் வலமுமாக மட்டும் ஆடினால் டை ராடு எண்ட். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கிங் பின் இருக்கும் இடத்தில் பேரிங்கோடு கியர் இருக்கிறது. அங்கே ஆட்டம் இருந்து ஆயிலும் கசிந்தால் வீட்டில் பிரிக்க வேண்டாம்.

அடுத்தது நடு பின். இன்ஜினுக்கு முன்னால் ஆக்சிலைத் தாங்கும் சப்போர்ட்டில் ஜாக்கி போட்டு, ஆக்சில் தொங்கும்படி தூக்குங்கள். கடப்பாரையால் ஆக்சிலை முன்னும் பின்னுமாக நெம்பிப் பாருங்கள். அது தராசு போல ஏறி இறங்க வேண்டியதுதான். ஆனால் முன்னும் பின்னும் நகர்ந்தால் புஷ்ஷோ வாஷரோ தேய்ந்துவிட்டது. வரப்பைத் தாண்டும்போது மட்டும் 'டொக்' என்று சத்தம் வந்து வண்டி ஒரு பக்கம் வெட்டினால் இதை முதலிலேயே பாருங்கள்.

இவ்வளவும் நன்றாக இருந்தால்தான் ஸ்டியரிங் பாக்ஸ். அதன் போல்ட்டுகள் லூஸாகி, பாக்ஸ் மொத்தமாக அசைகிறதா என்று பாருங்கள். டைட் வைத்தாலே தீர்ந்துபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டிராப் ஆர்ம் அதன் பற்களில் ஆடுகிறதா என்றும் பாருங்கள். அதன் பிறகும் பாக்ஸுக்குள் ஆட்டம் என்றால் அட்ஜஸ்ட் செய்ய ஸ்க்ரூ இருக்கும். நேராக ஓடும் நடு நிலையில் வைத்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும், கடைசி வரை திருப்பி வைத்துக்கொண்டு செய்யக் கூடாது. தேய்மானம் நடுவில்தான் அதிகம். ஓரத்தில் வைத்து இறுக்கினால் நடுவில் லூஸாகவே நிற்கும், நடுவுக்கு மீறி இறுக்கினால் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும்.

ஒரு விஷயத்தை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். டை ராடு எண்ட் நட்டில் காட்டர் பின் போட வேண்டிய இடத்தில் ஆணியையோ கட்டுக்கம்பியையோ முறுக்கி வைக்காதீர்கள். பின் சில ரூபாய்தான். அந்த நட்டு கழன்றால் ஒரு டயர் ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் போகும், பின்னால் செங்கல் லோடு தள்ளிக்கொண்டிருக்கும்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வளைந்த ஸ்டியரிங் ஆர்மை நெருப்பில் காட்டி நிமிர்த்துவதும், உடைந்ததை வெல்டிங் வைப்பதும் இதே வகைதான். புதிது வாங்கும்வரை வண்டி நிற்கட்டும்.

ஸ்டியரிங் டைட்டாக இருக்கிறது

முதலில் காற்று. எங்கள் ஊரில் இந்தப் புகாருக்குப் பாதிக் காரணம் முள்ளாகத்தான் இருக்கும். முன் டயரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வெயிலில் சாய்வாகப் பாருங்கள். ரப்பரோடு ரப்பராக, கருகமணி அளவில் ஒரு புள்ளி தெரியும். விரலை வைத்தால் வழவழப்பாக இருக்கும். அதுதான் ஒடிந்த முள்ளின் அடிப்பகுதி. எச்சில் தொட்டு வைத்தால் நிமிடத்துக்கு ஒரு குமிழி வரும். அவ்வளவு மெதுவாக இறங்குவதால் காலையில் பார்த்தால் டயர் நன்றாக இருப்பது போலவே தோன்றும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கேஜ் வைத்துப் பாருங்கள். முள்ளைப் பிடுங்கும்போது டியூபைக் கழற்றிவிட்டு டயரின் உள்பக்கத்தையும் துணியால் தடவுங்கள். ஒரு முள்ளை எடுத்துவிட்டுப் பக்கத்து முள்ளை விட்டுவிடுவது வழக்கம்.

அடுத்து, ஃபோர் வீல் லீவர். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டபடியே ஓட்டினால் ஸ்டியரிங் டைட்டாகத்தான் இருக்கும். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும்படிதான் கியர் அமைத்திருக்கிறார்கள். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசம் சரியாகிவிடும், கெட்டித் தரையில் வழுக்க வழியில்லாமல் இறுகிக்கொள்ளும். ஸ்டியரிங்கும் கனக்கும், முன் டயரும் தேயும். கம்பெனி அளவை மாற்றி வேறு சைஸ் டயர் போட்டிருந்தால் இந்த இறுக்கம் இன்னும் கூடும். வயலை விட்டு ஏறியதும் லீவரை எடுத்துவிடுங்கள்.

இரண்டும் சரி என்றால் முன்பக்கத்தைத் தூக்கித் திருப்பிப் பாருங்கள். தூக்கியதும் லேசாகி, இறக்கியதும் கனத்தால் கிங் பின்னுக்குக் கீழே எடை தாங்கும் திரஸ்ட் பேரிங்கைச் சந்தேகப்படலாம். தூக்கியபோதும் டைட்டாக இருந்தால், சாதா ஸ்டியரிங்கில் டிராக் லிங்க்கைக் கழற்றிவிடுங்கள். இப்போது வண்டி இரண்டு துண்டாகிவிட்டது. ஸ்டியரிங் வீலைத் தனியாகவும் முன் டயரைத் தனியாகவும் திருப்பிப் பாருங்கள். எது கனக்கிறதோ அந்தப் பக்கம்தான் நோய். பத்து நிமிட வேலை, ஆனால் ஆயிரக்கணக்கில் காசை மிச்சம் பிடிக்கும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெரும்பாலும் டயர் பக்கம்தான் கனக்கும். கிங் பின் காய்ந்து பிடித்திருக்கும். கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் சில நிப்பிளில் ஏறவே ஏறாது. நிப்பிளைக் கழற்றி ஓட்டையைக் கம்பியால் குத்தி, கொஞ்சம் டீசல் விட்டு, மறுநாள் அடித்துப் பாருங்கள். நான் ஒருமுறை அடித்தபோது முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, அப்புறம் தார் போலக் கறுப்பாக ஒன்று நெளிந்து வந்தது, கடைசியில்தான் புது கிரீஸ் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. அது வரும்வரை அடிக்க வேண்டும். அடிக்கும்போது டயர் தரையைத் தொடாமல் தூக்கியிருந்தால் கிரீஸ் இடுக்குகளுக்குள் நன்றாகப் போகும். தொளி (சேற்று உழவு) ஓட்டும் நாட்களில் மாலையில் வண்டியைக் கழுவியதும் தினமும் அடியுங்கள்.

ஒரு பக்கமாக இழுக்கிறது

கலப்பை மாட்டியிருக்கும்போது மட்டுமா, எப்போதுமா? கலப்பையோடு மட்டும் என்றால் ஸ்டியரிங்கை மறந்துவிடுங்கள். பின்னால் கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் ராடு ஒரு பக்கம் இறங்கியிருக்கும், அல்லது கலப்பை பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயின் ஒரு பக்கம் லூஸாக இருந்து கலப்பை ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். அது பின்னால் இழுக்கிற இழுப்பு முன்னால் தெரிகிறது.

எப்போதும் இழுத்தால் முதலில் இரண்டு முன் டயர்களிலும் காற்று சமமா என்று பாருங்கள். அப்புறம் பிரேக். டிராக்டரில் இடம், வலம் என்று பிரேக் தனித்தனி. ஒரு பக்கம் முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருந்தால் வண்டி அந்தப் பக்கம் போகும். இரண்டு பெடலிலும் அழுத்தம் தொடங்குமுன் இருக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற டயர்களுக்குக் கல் வைத்து, பின் டயர் ஒன்றைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள், பிறகு மற்றதை. எது கனமாகச் சுற்றுகிறதோ அதில்தான் உரசல். ரோட்டில் ஓட்டும்போது இரண்டு பெடலையும் சேர்க்கும் கொக்கியைக் கட்டாயம் போடுங்கள்.

ரோட்டில் முன் டயர் உதறுகிறது

வயலில் ஒன்றும் தெரியாது. டாப் கியரில் போட்டதும் ஸ்டியரிங் கையில் துடிக்கும். எளிதானதிலிருந்து பாருங்கள்: ரிம்முக்கு உள்பக்கம் செம்மண் காய்ந்து ஒட்டியிருக்கிறதா? ஒரு பக்கம் இரண்டு கிலோ மண் ஒட்டியிருந்தால் அதுவே உதற வைக்கும். வீல் நட்டுகள் டைட்டா? மேலே சொன்ன பேரிங், கிங் பின், டை ராடு ஆட்டம் இருக்கிறதா?

கடைசியாக டோ-இன். முன் டயர்கள் இரண்டும் முன்புறத்தில் கொஞ்சம் நெருங்கி நிற்க வேண்டும். மாடலைப் பொறுத்து 1 முதல் 5 மி.மீ., 2 முதல் 8 மி.மீ. என்று கையேட்டில் இருக்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஹப் உயரத்தில், டயர்களின் பின்புறம் நடுவில் சாக்பீஸால் குறி போட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளி, அதே குறிகள் முன்புறம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். பின்னளவில் முன்னளவைக் கழித்தால் வருவதுதான் டோ-இன். ஒரே குறியில் அளப்பதால் ரிம் கோணல் கணக்கைக் கெடுக்காது. டயரே இதைச் சொல்லவும் செய்யும். உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ-இன் தவறு. அட்ஜஸ்ட் செய்தபின் டை ராட்டின் லாக் நட்டை மறக்காமல் இறுக்குங்கள். கருவேலங்கட்டையில் மோதிய வண்டி என்றால் டை ராட்டின் ஓரமாக ஒரு நூலை இழுத்துப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

பவர் ஸ்டியரிங்கில் மட்டும் வருபவை

ஐடிலில் டைட், ரேஸ் கொடுத்தால் லேசாகிறது: ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, அல்லது பம்ப் தேய்மானம், இதே வரிசையில் பாருங்கள். ஸ்டியரிங்குக்குத் தனி டேங்க்கா, ஹைட்ராலிக் ஆயிலே போகிறதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

திருப்பும்போது உறுமலும் துள்ளலும் இருந்து ஆயில் நுரைத்திருந்தால் காற்று புகுந்திருக்கிறது. பம்புக்கு ஆயில் உறிஞ்சிக் கொண்டுபோகும் ஹோஸின் கிளிப் லூஸாக இருக்கலாம். நின்ற வண்டியில் எலி கடித்த ஹோஸையும் பார்த்திருக்கிறேன். சரிசெய்து ஆயிலை நிரப்பி, ஐடிலில் இரண்டு பக்கமும் மெதுவாகப் பலமுறை திருப்பினால் காற்று வெளியேறும். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தொளியில் ஆழமாக இறக்கிய வண்டிக்கு இது வரும். ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றுங்கள்.

இரண்டு பக்கமும் சமமாகக் கனத்தால் பம்ப் அல்லது ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் பார்க்கும் ரிலீஃப் வால்வு. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் சிலிண்டர் அல்லது ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள யூனிட். ரிலீஃப் வால்வை கேஜ் இல்லாமல் திருக வேண்டாம். கடைசி வரை திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும் பழக்கமும் வேண்டாம், ஆயில் கொதித்து சீல் போகும். ஹோஸ் மாற்றியபின் வலப்பக்கம் திருப்பினால் வண்டி இடப்பக்கம் போகிறது என்றால் இரண்டு ஹோஸும் இடம் மாறியிருக்கின்றன. ஸ்டியரிங் தானாகவே சுற்றினால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள்.

கசிவைத் தேட ஹோஸைக் கையால் தடவவே கூடாது. ஊசித்துளை வழியாக வரும் அழுத்தம் தோலைத் துளைத்து ஆயிலைச் சதைக்குள் ஏற்றிவிடும். வெளியே முள் குத்திய தடம் அளவுதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் கையையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படிப் பட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் ஆயில் ஏறியது என்று சொல்லுங்கள். ஒரு அட்டையை ஹோஸ் ஓரமாக நகர்த்தினால் கசியும் இடத்தில் அட்டை நனையும்.

ஸ்டியரிங் லேசாகிவிட்டது, திருப்பினாலும் வண்டி திரும்பவில்லை

பின்னால் பாரம் இருக்கும்போது மட்டும் இப்படி ஆனால் ஸ்டியரிங்கில் கோளாறு எதுவும் இல்லை. ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டோ, வண்டல் லோடு ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரையில் ஏறும்போதோ முன் டயரில் எடை இல்லாமல் போகிறது. மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். முன்னால் வெயிட் மாட்டுங்கள், டிரெய்லரில் லோடை டிரெய்லரின் அச்சுக்கு மேலாகப் பரப்புங்கள், கீழ்க் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். கலப்பையின் மேல்கம்பி மாட்டும் டாப் லிங்க் இடத்தில் சங்கிலி போட்டு இழுத்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழும்.

பட்டறைக்குப் போவதானால்

'ஸ்டியரிங் சரியில்லண்ணே' என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுக்காதீர்கள். தூக்கியபோது எப்படி, இறக்கியபோது எப்படி, எந்த ஜாயிண்டில் தட்டல், எந்தப் பக்கம் கனம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதை விரும்பிப் படிப்பார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். திரும்பி வந்து பத்து மணி நேரம் ஓடியதும் வீல் நட்டு, லாக் நட்டுகளை ஒருமுறை டைட் பாருங்கள். காட்டர் பின்கள் எல்லாம் காதை விரித்து மடக்கி இருக்கின்றனவா என்று டார்ச் அடித்து எண்ணிவிடுங்கள்.